கீழ்ப்பாதி சாம்பல்

மருமகள் என்னதான் வேலை பார்க்கிறாள் என்று மாமியார் கேட்டபோது மகன் இப்படித்தான் விளக்கினான்: "வீடு மாத்தும்போது சாமான் ஏத்தி இறக்க ஆள் வருவாங்கல்ல, அந்த மாதிரிம்மா. சாமான்தான் கண்ணுக்குத் தெரியாது."

மாமியார் கொஞ்சம் யோசித்தார். "கண்ணுக்குத் தெரியாத சாமானைத் தூக்குறவ எதுக்குடா தினமும் முதுகு வலிக்குதுன்னு வந்து படுக்குறா?"

மருமகள் அப்போதுதான் ஆறு மாடி ஏறி வந்திருந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து எடுக்கக்கூட மனமில்லாமல், கூடத்து நாற்காலியில் சாய்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டடத்தின் லிஃப்ட் நின்று ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது.

இதில் ஊர் சிரிக்கும் விஷயம் ஒன்று உண்டு. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டாம் மாடிக்காரர் அவனைப் படியில் பார்க்கும்போதெல்லாம், "என்ன சார், ஊர்ல எல்லா லிஃப்டும் ஏறுது, நம்மளது மட்டும் நோன்பு இருக்கா?" என்பார். அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு அடுத்த படிக்கட்டுத் திருப்பத்துக்குள் காய்ந்துவிடும்.

மொட்டை மாடி மெஷின் ரூமில் லிஃப்டின் கன்ட்ரோல் பேனல் இருந்தது. ஆள் உயர இரும்புப் பெட்டி, உள்ளே கற்றை கற்றையாக வயர்கள். எலி ஒன்று புகுந்து கடித்து, தீப்பொறி பறந்து, ஒரு பக்கக் கற்றை முழுவதும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. எந்த வயர் எங்கே போகிறது என்று சொல்லும் எண் வளையங்களும் அதோடு கரைந்துபோயின. எலி செத்ததைத் தவிர வேறு ஆதாயம் இல்லை. புது வயர் போட அவனுக்குத் தெரியும். எதை எதோடு சேர்ப்பது என்று சொல்ல டிராயிங் வேண்டும். அந்த லிஃப்டைச் செய்த கம்பெனியோ எப்போதோ கடையைக் கட்டிவிட்டது.

மாமியாருக்கு முழங்கால் மடங்காது. லிஃப்ட் நின்றபின் ஒருமுறை கண் டாக்டரிடம் போக வேண்டியிருந்தபோது, அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மகன் ஒரு பக்கமும் வாட்ச்மேன் ஒரு பக்கமுமாகத் தூக்கி இறக்கினார்கள். நான்காம் மாடியில் வாட்ச்மேனுக்குக் கை நழுவியது. நாற்காலி சாய்ந்தது. யாரும் விழவில்லை. ஆனால் ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு வீட்டுக் குழந்தை கை தட்டியது. அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர் மாமியார். அதிகாரிகளைக்கூடக் காத்திருக்கவைத்துப் பழகிய குரல் அவருடையது. திரும்பி மேலே வந்ததும் அந்தக் குரலில் சொன்னார்:

"இனிமே என்னை மூட்டை மாதிரி தூக்குனீங்கன்னா நான் வரமாட்டேன். கண்ணு போனாப் போகட்டும். பாத்த வரைக்கும் போதும்."

வாய்க்கு வந்த பேச்சு என்று நினைத்தார்கள். இல்லை. கண் ஆபரேஷனுக்குக் கொடுத்த நாள் வந்தபோது நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார். இன்னொரு நாள் வாங்கினார்கள். அதற்கும் அசையவில்லை. இனியும் தள்ளினால் வலது கண்ணில் எதையும் மீட்க முடியாது என்று டாக்டர் சொல்லி, வரும் திங்கட்கிழமையைக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமைக்குள் லிஃப்ட் ஓடவேண்டும். வேறு வழியே இல்லை.

வழி இருப்பதாக அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கணவன் சொன்னான். பழைய கம்பெனியை வாங்கியவர்கள் அதன் டிராயிங்குகளையெல்லாம் ஸ்கேன் செய்து, மெக்கானிக்குகளுக்கென்று ஒரு வெப்சைட்டில் போட்டு வைத்திருந்தார்கள். பாஸ்வேர்ட் வாங்க அவன் நாயாய் அலைந்தான். வாங்கி உள்ளே போனால், பக்கத்தின் தலையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: வெள்ளிக்கிழமை மாலையோடு இந்தத் தளம் மூடப்படும்.

"நம்ம லிஃப்டோட டிராயிங் செட் எதுன்னு எடுத்துக்க வேண்டியதுதானே?" என்றாள்.

"எதுன்னு தெரிஞ்சாத்தானே? கேபினைப் புதுசாக்கும்போது மாடல் நம்பர் பிளேட்டைப் பேத்து எறிஞ்சுட்டாங்க. இந்தக் கம்பெனிக்காரன் ஒரே லிஃப்டை நாப்பது தினுசாப் பண்ணியிருக்கான். எல்லாத்தையும் இறக்கினாத்தான் ஒவ்வொண்ணா பேனல்கிட்ட வச்சுப் பாக்க முடியும். அதோட நான் பாக்குற மத்த கட்டடத்துலயும் இவன் லிஃப்ட்தான் பாதி. எடுத்துரலாமா?"

"எடுத்துரலாம்."

வாழ்க்கையில் அவள் அதிகம் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

உள் அறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "என்னத்தையோ இறக்குறாளாம். முதல்ல என்னை இறக்கச் சொல்லு."

*

அவளுடைய ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போதே புது ரப்பர் வாடை மூக்கில் ஏறும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் புடவையில் இருக்கும். நான்கு மேசை, சுவரோரம் ஒரு கண்ணாடி அலமாரிக்குள் சர்வர், அதைச் சூடேறி இளைக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஏசி. மனிதர்களுக்கு ஃபேன் மட்டும்தான். மற்றவர்களின் வெப்சைட்டுகளைப் பராமரிப்பது தொழில். யாராவது பழைய கம்பெனியை விட்டு இங்கே வந்தால், அங்கே தூரத்து சர்வரில் கிடக்கும் படம், பாட்டு, பத்திரம் எல்லாவற்றையும் இழுத்து வந்து இங்கே வைப்பது அவள் பொறுப்பு. அதனால் ஆபீசில் அவளுக்குப் பெயர் மூட்டைக்கா. மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவான். அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன்.

அவள் படித்தது வணிகவியல். பட்டம் வாங்கியபின், வேலை கிடைக்கும் என்று அப்பா கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்க்கப் போனார். மற்ற வகுப்பெல்லாம் நிரம்பியிருந்தன, பி.எச்.பி. என்ற கம்ப்யூட்டர் மொழிக்கு மட்டும் ஒரு நாற்காலி மிச்சமிருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்ததுதான், அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. புதிதாக எதையாவது கட்டப்போகிறோம் என்ற ஆசை முதல் இரண்டு வருடம் இருந்தது. பிறகு ஒருவர் விட்டுப்போனதை இன்னோரிடத்தில் எடுத்து வைப்பதே வேலை என்றாகிவிட்டது. அந்த மொழி கிழடாகிவிட்டது என்று ஆபீஸ் பிள்ளைகள் கிண்டல் செய்தால், "நானும்தான் ஆயிட்டேன். ரெண்டு பேரும் வேலைக்கு வர்றோமா இல்லையா?" என்பாள்.

அவள் என்றைக்கோ எழுதிய ஒரு சின்னப் புரோகிராம்தான் அவளுடைய லாரி. முகவரிகளைக் கொடுத்தால் தூரத்து சர்வரின் கதவைத் தட்டி, இந்த ஃபைலைக் கொடு என்று கேட்டு, வருவதை இங்குள்ள டிஸ்கில் எழுதும். தொழிலுக்கு வந்த புதிதில் முழு ஃபைலையும் வாங்கி நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அதன்பிறகு டிஸ்கில் எழுதும்படி செய்திருந்தாள். ஒருநாள் பெரிய வீடியோ ஒன்று வந்து சர்வருக்குப் புரையேறியது. எல்லோருடைய சைட்டும் ஒரு மத்தியானம் முழுக்கப் படுத்துவிட்டது. அன்றிலிருந்து மடக்கு மடக்காக வாங்கி, வரவர எழுதும்படி மாற்றினாள்.

காலப்போக்கில் அதில் இரண்டு பழக்கங்களைச் சேர்த்தாள். அரை நிமிடத்துக்குள் வந்து முடியாத ஃபைலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு சண்டி சர்வர் வாசலிலேயே நாள் முழுக்க நிற்கவைத்துவிடும். இரண்டாவது, அந்தப் பெயரில் டிஸ்கில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் திரும்பக் கேட்காமல் தாண்டிவிட வேண்டும். லைன் அறுந்து அறுந்து, முதலிலிருந்து ஆரம்பித்து ஆரம்பித்துச் சலித்துப்போன ஒரு நாளில் சேர்த்தது அது. இருக்கிறதா? இருக்கிறது. தாண்டு.

"தம்பி, வீட்டு வேலை ஒண்ணு. நம்ம சர்வர்ல கொஞ்சம் இடம் வேணும்," என்று புதன்கிழமை காலையில் மேனேஜரிடம் கேட்டாள்.

"எவ்ளோக்கா?"

"கொஞ்சம்தான்."

"உங்க கொஞ்சம் எனக்குத் தெரியும்," என்றான். ஆனால் தலையாட்டினான்.

புரோகிராமில் கணவனின் பாஸ்வேர்டைப் போட்டு ஓடவிட்டாள். மூடப்போகிற கடையில் கூட்டம் இருக்கும் அல்லவா? ஊரில் உள்ள மெக்கானிக்குகள் எல்லாம் அந்த சைட்டில்தான் விழுந்து கிடந்தார்கள் போல. ஃபைல்கள் ஊர்ந்துதான் வந்தன. வியாழக்கிழமை காலையில் விட்டுப்போனது ஏதாவது இருந்தால் வரட்டும் என்று இன்னொருமுறை ஓட்டினாள். திரையில் வரிசையாக வந்தது: இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது. கடைசியில், முடிந்தது. பென் டிரைவில் ஏற்றிக் கணவனிடம் கொடுத்தாள். அவன் இரவுச் சாப்பாட்டுக்கு முன் நாலைந்தைத் திறந்து பார்த்தான். கதவு, பொத்தான், விளக்கு எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தன.

"தங்கம்டி நீ," என்றான். அவள் அதைக் கேட்டதும் கேட்காததுமாகத் தூங்கிப்போனாள்.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தபோது போன் வந்தது. பின்னால் காற்றுச் சத்தம். அவன் மொட்டை மாடியில் இருந்தான்.

"ஏம்மா, எந்த வயர் எங்க போகுதுன்னு காட்டுற மெயின் டிராயிங்ல கீழ்ப்பாதியக் காணோம்."

"காணோம்னா?"

"காணோம்னா காணோம். மேல நல்லா இருக்கு. பாதிக்குக் கீழ ஒரே சாம்பல். சிமென்ட் பூசுன மாதிரி."

"உங்க லேப்டாப் பழசுங்க. மூடிட்டுத் திறங்க."

"அதெல்லாம் பண்ணியாச்சு."

"அப்ப அவங்க ஸ்கேன் பண்ணும்போதே அப்படித்தான் பண்ணியிருப்பாங்க."

"எல்லா செட்லயுமா? சின்னப் படமெல்லாம் ஒழுங்கா இருக்கு. மெயின் மட்டும், எதத் தொறந்தாலும் இடுப்புக்குக் கீழ ஆளே இல்ல."

டிபன் பாக்ஸை மூடிவிட்டுத் தன் கம்ப்யூட்டரில் ஒன்றைத் திறந்தாள். மேலே மெல்லிய கறுப்புக் கோடுகள், சின்னச் சின்ன எண்கள், நேர்த்தியாக இறங்கிவந்து ஓரிடத்தில் கத்தியால் வெட்டியதுபோல நின்றன. கீழே சாம்பல். இன்னொன்றைத் திறந்தாள். சாம்பல். இன்னொன்று.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. யாராவது வேறொருவர் செய்த தப்பாக இருந்தால் கொஞ்ச நேரமாவது திட்டியிருக்கலாம். மெயின் டிராயிங்தான் எல்லாவற்றிலும் பெரிய ஃபைல். ஊர்ந்து வந்த அது அரை நிமிடத்தில் வந்து முடியவில்லை. அவளுடைய முதல் பழக்கம் அதைப் பாதியில் வெட்டிவிட்டது. வரவர எழுதியதால் வந்த பாதி டிஸ்கில் முழுப் பெயரோடு உட்கார்ந்திருந்தது. இரண்டாவது முறை ஓட்டியபோது அந்தப் பெயரைப் பார்த்து, இருக்கிறது என்று தாண்டிவிட்டது இரண்டாவது பழக்கம். சின்னப் படமெல்லாம் முழுதாக வர, எது இல்லாமல் முடியாதோ அது மட்டும் எல்லா செட்டிலும் பாதி.

இத்தனை வருடத்தில் எத்தனை பேருடைய மூட்டையை இப்படிக் கட்டிக் கொடுத்தோமோ என்று ஒரு நினைப்பு வந்தது. கடை திறப்பு விழாப் படங்களில் யார் யாருக்குக் காலில்லையோ. அதை அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கினாள். ஒதுக்குவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

"லைன்ல இருக்கியா?" என்றான் அவன்.

"இருக்கேன். தப்பு என்னோடதுதாங்க. சாயங்காலத்துக்குள்ள திரும்ப எடுக்கணும். ஆனா அந்த சைட் போற வேகத்துக்கு எல்லா மெயினும் வராது. நம்மளது எதுன்னு சொல்லுங்க, அதை முதல்ல இழுக்கறேன்."

"அது தெரிஞ்சா நான் எதுக்கு எல்லாத்தையும் கேட்டேன்?"

"மேல்பாதி இருக்குல்ல? அதை வச்சுப் பாருங்களேன்."

அந்தப் பக்கம் பேனல் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "பாக்கறேன்," என்று வைத்துவிட்டான்.

அவள் எழுந்து மேனேஜரிடம் போனாள். சர்வரின் லைனை அப்போது ஒரு நாற்காலிக் கடையின் சைட் அடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கடையை இடம் மாற்றும் வேலையும் அவளுடையதுதான்.

"தம்பி, அந்த நாற்காலிக் கடையை நிறுத்தி வைக்கணும். நாளைக்கு முடிச்சுக் குடுத்துடறேன்."

"அய்யோ அக்கா! அவர் காலையிலேருந்து போன் மேல போன் போட்டு உயிரை எடுக்கறாரு. இன்னிக்கே வேணுமாம்."

"அவர் நாற்காலி எங்கயும் ஓடிப்போகாது. இந்த சைட் சாயங்காலத்தோட போயிரும். திங்கக்கிழமை எங்க அத்தைக்குக் கண் ஆபரேஷன். லிஃப்ட் ஓடலன்னா அவங்க வரமாட்டாங்க. வரலன்னா கண்ணு போயிரும்."

மேனேஜர் அவளை ஒரு நொடி பார்த்தான். "இதை முந்தாநேத்தே சொல்ல வாய் வரலையா உங்களுக்கு? கொஞ்சம் இடம், கொஞ்சம் இடம்னு..." போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். "வணக்கம் சார். இல்ல சார், நம்ம சீனியர் இன்ஜினியர் மேடம் உங்க சைட்ல ஒரு முக்கியமான சோதனை பண்ணிட்டிருக்காங்க. அவசரப்படுத்த முடியாது சார்..."

சீனியர் இன்ஜினியர் மேடம் இடத்துக்கு வந்து நாற்காலிக் கடையை நிறுத்தினாள். புரோகிராமைத் திறந்தாள். அரை நிமிடக் கணக்கை எடுத்துப் போட்டாள். எவ்வளவு நேரமானாலும் நில் என்று எழுதினாள். டிஸ்கில் கிடந்த அரைகுறை மெயின்களை அழித்தாள். ஃபைல் வரும்போதே அதன் முழுப் பெயரைக் கொடுக்காமல், பெயருக்கு முன்னால் "பாதி" என்று ஒட்டிக்கொண்டு வரும்படி செய்தாள். இவ்வளவு அனுப்புகிறேன் என்று தூரத்து சர்வர் சொன்ன அளவும் இங்கே வந்து சேர்ந்த அளவும் ஒன்றாக இருந்தால் மட்டும் அந்த ஒட்டு விலகவேண்டும். பத்துப் பதினைந்து வரிதான். எழுதியிருக்க வேண்டும் என்று அவளுக்கு எப்போதும் தெரிந்த வரிகள்.

போன் அடித்தது.

"ரெண்டுல ஒண்ணு," என்றான் அவன். மூச்சிரைத்தது. "மேல இருக்கற ரிலே சுவிட்ச் வரிசை ரெண்டு செட்லதான் நம்ம பேனலோட ஒத்துப்போகுது. அதுக்கு மேல மேல்பாதியை வச்சுச் சொல்ல முடியல."

"ரெண்டு நம்பரையும் சொல்லுங்க."

முதலாவதைக் கேட்டாள். வந்தது என்று சொல்ல முடியாது, கசிந்தது. அவள் டிபன் பாக்ஸை மறுபடி திறந்து, திரையைப் பார்த்துக்கொண்டே ஆறிப்போனதைச் சாப்பிட்டாள். கீழே டயர் கடையில் யாரோ சுத்தியலால் அடித்துக்கொண்டே இருந்தார்கள். "பாதி" என்ற ஒட்டு விலகியபோது கடைக்காரர்கள் தேநீருக்குப் போய்விட்டிருந்தார்கள். படத்தைக் கணவனுக்கு அனுப்பினாள்.

"இது இல்ல," என்றான். "கீழ கதவு சர்க்யூட் வேற மாதிரி போகுது."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாக்காம அம்மாவை இதுல ஏத்தச் சொல்றியா?"

இரண்டாவதைக் கேட்டாள். மேனேஜர் வந்து பின்னால் நின்றான். "என்னக்கா, வருதா?" என்றான். "வருது," என்றாள். ஜன்னல் வெளிச்சம் சுவரில் ஏறி அலமாரிக் கண்ணாடியைத் தொட்டது. ஒருமுறை, எவ்வளவு வந்தது என்று திரையில் காட்டும் எண் நகரவே இல்லை. நகரவில்லை, நகரவில்லை, கையெடுத்துக் கும்பிடும் அளவுக்கு அவளுக்கு நம்பிக்கை ஒன்றும் கிடையாது, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அது தானாகவே ஊர்ந்தது. ஒட்டு விலகியது. திறந்தாள். கோடுகள் மேலிருந்து இறங்கி, வழக்கமாக வெட்டும் இடத்தைத் தாண்டி, அடிவரைக்கும் வந்தன. மூலையில் வரைந்தவரின் கையெழுத்துகூட இருந்தது.

அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து ஒரே வார்த்தை வந்தது: "இதுதான்."

மற்ற செட்டுகளையும் வரிசையாகக் கேட்கவிட்டாள். ஏழெட்டு முழுதாக வந்தன. அடுத்தது வந்துகொண்டிருக்கும்போதே தூரத்து சர்வர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. அந்த ஃபைல் "பாதி" என்ற பெயரோடு அப்படியே நின்றது. அவள் அதை அழிக்கவில்லை. நாற்காலிக் கடையை மறுபடி ஓடவிட்டாள். முதலிலிருந்து, புது வரிகளோடு.

*

சனி, ஞாயிறு முழுக்க அவன் மெஷின் ரூமை விட்டு இறங்கவில்லை. அவள் சாப்பாட்டை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். டார்ச் பிடித்தபடியே ஒருமுறை கண் சொக்கி, வெளிச்சம் அவன் காதுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கதவு மூடும் சத்தம் ஒவ்வொரு மாடியாகக் கேட்டது.

திங்கட்கிழமை மாமியார் லிஃப்டுக்குள் போய், சுற்றிலும் பார்த்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கீழே போய்ச் சேர்ந்ததும், "இவ்வளவுதானா? இதுக்கா ரெண்டு பேரும் இப்படி அலுத்துக்கிட்டீங்க?" என்றார். வாட்ச்மேன் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்து அதை மறைத்துக்கொண்டு நின்றான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் அவள் ஆபீஸ் முடிந்து வந்தாள். அன்றும் பழைய மூட்டைகளைப் பிரித்துப் பார்க்கும் வேலைதான். பாதியில் நின்ற சிலவற்றைக் கண்டுபிடித்திருந்தாள். பழைய சர்வர்கள் சில உயிரோடு இருந்தன, சில இல்லை. தலையைக் குனிந்துகொண்டு படியேறினாள். ஒரு மாடி, இன்னொரு மாடி. மூன்றாம் மாடியில் கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றி மூச்சு வாங்கியபோதுதான் லிஃப்ட் ஓடுகிறது என்பது நினைவுக்கு வந்தது.

சிரிக்கலாம் என்று தோன்றியது. அதற்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் முடியும் போலிருந்தது. பொத்தானை அழுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். லிஃப்ட் கீழேயிருந்து வந்தது. கதவு திறந்தது. உள்ளே மாமியார், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நேராக நின்றிருந்தார்.

"அத்தை, நீங்க எங்க போயிட்டு வர்றீங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா போயிட்டு வர்றேன்." கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, அவளை மேலிருந்து கீழ்வரை நன்றாகப் பார்த்தார். "நீ ஏண்டி நடுவுல நிக்கற? ஏறு."

ஏறினாள். கதவு மூடிக்கொண்டது. கைப்பையை மாமியார் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.